கடைசியாக எப்போது பார்த்தது?
நம் கட்டடத்துக்கு ஒரு டிஜிட்டல் இரட்டை

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், சி பிளாக் உறுப்பினரும் தொழில்நுட்பத் துணைக்குழுவில் பணியாற்றுபவருமான நம் குடியிருப்பாளர் ஆற்றிய உரை. அன்று வர இயலாத பலரும் கேட்டுக்கொண்டதால், பேச்சு நடை மாறாமல் இங்கே தருகிறோம். – ஆசிரியர் குழு)



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். எனக்குப் பிறகு மெயின்டனன்ஸ் கட்டண உயர்வு பற்றிய விவாதம் இருப்பதால், நான் கூடுதலாகப் பேசினாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

நகரங்களுக்கான இணைய வரைபடத் தளங்களை உருவாக்குவதுதான் என் வேலை. ஆனால் இன்று உங்கள் முன் நிற்பதற்குக் காரணம் வேலை இல்லை. ஒரு வாட்ஸ்அப் செய்திதான் காரணம்.

2023 டிசம்பர் 3ஆம் தேதி இரவு, மிக்ஜாம் புயல் மழை. நம்மில் யாரும் அன்று தூங்கவில்லை. இரவு 1.10 மணிக்கு நம் குழுவில் ஒருவர் ஒரு செய்தி போட்டார்: "பேஸ்மென்ட் ஓகே, தண்ணீர் இல்லை." நல்ல மனதோடு, நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் போட்ட செய்தி. அன்று சிக்னல் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் செய்தி எங்கள் பிளாக்கில் இருக்கும் ஒரு பெரியவரின் போனுக்கு ஏறக்குறைய மூன்று மணிக்குத்தான் வந்து சேர்ந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "தண்ணீர் வருவதற்குள் ஸ்கூட்டரை மேலே ஏற்றிவிடலாம்" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு படிக்கட்டு வழியாக இறங்கினார். அதற்குள் ரேம்ப் வழியாகத் தண்ணீர் ஓடையாக இறங்கிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் இருக்கும் மின் பெட்டியைத் தண்ணீர் தொட இன்னும் கொஞ்ச உயரம்தான் பாக்கி. நம் இரவு செக்யூரிட்டி அண்ணன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு வந்தார்.

அந்தப் பெரியவர் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "என் பெயரைச் சொல்லாதே, ஆனால் கதையைச் சொல்" என்று அனுமதி கொடுத்திருக்கிறார். நன்றி சார்.

யோசித்துப் பாருங்கள். அந்தச் செய்தியில் பொய் எதுவும் இல்லை. 1.10க்கு அது முழு உண்மை. மூன்று மணிக்கு அதை நம்பியவருக்கு உயிராபத்து. தகவல் சரியா தவறா என்று மட்டும் பார்த்தால் போதாது, அது எத்தனை மணித் தகவல் என்றும் பார்க்க வேண்டும். இன்று நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

டிஜிட்டல் இரட்டை என்றால் என்ன?

"டிஜிட்டல் ட்வின்" என்ற சொல்லைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். தமிழில் டிஜிட்டல் இரட்டை என்கிறார்கள். கேட்டவுடன் கம்ப்யூட்டர் கேம் போல, கட்டடங்கள் எழுந்து நிற்கும் முப்பரிமாணப் படம்தான் நினைவுக்கு வரும். படம் அதில் ஒரு பகுதிதான்.

உங்களில் பலர் வளர்ந்த வீட்டில் மொட்டை மாடித் தொட்டிக்கு வெளியே ஓர் அளவுகோல் வரைந்திருக்கும். தொட்டிக்குள் மிதவை, அதிலிருந்து ஒரு கயிறு கப்பி வழியாக வெளியே வரும், அதன் நுனியில் ஒரு முள். உள்ளே தண்ணீர் இறங்கினால் வெளியே முள் நகரும். ஏணி வைத்து ஏறாமல், முற்றத்தில் நின்றபடியே "மோட்டார் போடு" என்று சொல்லலாம். டிஜிட்டல் இரட்டையின் மூன்று பாகங்களும் அதிலேயே இருக்கின்றன. பொருளின் வடிவம் ஒன்று, அந்த அளவுகோல். பொருளோடு நேரடித் தொடர்பு இன்னொன்று; அந்தக் கயிறு. அதைப் பார்த்து எடுக்கும் முடிவு மூன்றாவது, மோட்டார் போடுவது. கயிறு அறுந்துபோனால் சுவரில் இருப்பது வெறும் கோடுகள்.

நகரத்துக்கு இதைச் செய்யும்போது கயிறு நீளமாகிவிடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்ல ஆசை. ஆனால் அந்த நீளமான கயிற்றில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

ஹாம்பர்க் எப்படிச் செய்தது?

உதாரணத்துக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தை எடுத்துக்கொள்கிறேன். எல்பே நதிக்கரையில் இருக்கும் துறைமுக நகரம். வெள்ளத்தின் வலி தெரிந்த ஊர். 1962 பிப்ரவரியில் ஒரே இரவில் வந்த புயல் வெள்ளத்தில் அந்த நகரத்தில் மட்டும் 315 பேர் இறந்தார்கள்.

2012இல் அங்கே வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. அரசிடம் இருக்கும் தகவல்களை, யாரும் கேட்காமலேயே, பொதுமக்களுக்குத் திறந்து வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த வழியில் நகர நில அளவைத் துறை ஒரு வரைபடத் தளத்தை உருவாக்கியது. பெயர் மாஸ்டர்போர்ட்டல். அதன் மென்பொருள் நிரல் முழுவதும் ஓப்பன் சோர்ஸ், அதாவது திறந்த மூலம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம், தங்கள் ஊருக்குப் பயன்படுத்தலாம். ஜெர்மனியின் பல நகராட்சிகள் அப்படியே எடுத்துப் பயன்படுத்துகின்றன. 2021இல் ஹாம்பர்க், லைப்சிக், மியூனிக் ஆகிய மூன்று நகரங்களும் சேர்ந்து டிஜிட்டல் இரட்டைகளுக்கான கூட்டுத் திட்டத்தையே தொடங்கின. ஒரு நகரம் எழுதிய நிரலை இன்னொரு நகரம் மறுபடியும் காசு கொடுத்து எழுத வேண்டாம் என்பது அதில் ஒரு முக்கியமான எண்ணம்.

அந்த ஊரில் மின்சாரக் கார் சார்ஜ் செய்யும் இடம் காலியா, வாடகை சைக்கிள் நிலையத்தில் எத்தனை சைக்கிள் இருக்கிறது, சாலையில் எவ்வளவு வண்டிகள் போகின்றன என்பதையெல்லாம் உடனுக்குடன் வரைபடத்தில் பார்க்கலாம். தனியாக ஆப் எதுவும் வேண்டாம், சாதாரண பிரவுசர் போதும்.

இந்தத் தகவல் எப்படி வருகிறது? நான்கு படிகள்.

முதல் படி, சென்சார். அது ஓர் எண்ணை அளக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

இரண்டாவது, அந்த எண்ணைக் கொண்டு சேர்க்கும் தபால்காரர். இதற்குப் பரவலாகப் பயன்படும் முறை எம்க்யூடிடி. 1999இல் பாலைவனத்தில் ஓடும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் வடிவமைத்தது. செயற்கைக்கோள் இணைப்புக்கு அன்று காசு அதிகம். அதனால் மிகக் குறைந்த எழுத்துகளில் செய்தி அனுப்பும்படி செய்தார்கள். இது செய்தித்தாள் சந்தா போல. "தண்ணீர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு" என்று நிமிடத்துக்கு ஒரு முறை நாம் போன் செய்ய வேண்டாம். "சம்ப் தண்ணீர்" என்ற தலைப்புக்குச் சந்தா கட்டிவிட்டால், புதுச் செய்தி வரும்போது அதுவே வீட்டு வாசலில் வந்து விழும். இந்த ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க் இங்கிலாந்தின் வைட் தீவில் இருக்கும் தன் பழைய வீட்டையே இப்படி இணைத்து, மின்சாரம், தண்ணீர் பயன்பாட்டை வீடே ட்விட்டரில் எழுதும்படி செய்தவர். ஆக, வீட்டுக்கு இதைச் செய்யும் ஆசை எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

மூன்றாவது, கணக்கு எழுதும் குமாஸ்தா. வரும் எண்களை எல்லோருக்கும் புரியும் ஒரே இலக்கணத்தில் எழுதி வைக்க வேண்டும். ஹாம்பர்க் பயன்படுத்துவது சென்சார்திங்ஸ் என்ற பொதுத்தரம். ஒரு அளவு வந்தால் அதோடு என்னென்ன இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது: எந்தப் பொருள், எங்கே இருக்கிறது, எதை அளந்தது, எந்த அலகில், எண் என்ன. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டு நேரங்களுக்குத் தனித்தனி இடம் வைத்திருப்பது. நிகழ்வு எந்த நேரத்தில் நடந்தது என்பது ஒன்று, முடிவு எந்த நேரத்தில் வெளிவந்தது என்பது இன்னொன்று. நம் வாட்ஸ்அப் செய்தியில், பேஸ்மென்ட்டை நேரில் பார்த்தது எத்தனை மணிக்கு என்பது முதல் வரியிலேயே இருந்திருந்தால், மூன்றாவது வரிசையில் இருக்கும் சார் அன்று படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

நான்காவது, பிரவுசரில் தெரியும் வரைபடம். இதற்கும் நல்ல திறந்த மூல மென்பொருள்கள் இருக்கின்றன. முப்பரிமாணத்துக்குச் சீசியம் என்று ஒன்று. விண்வெளியில் செயற்கைக்கோள்கள் ஓடுவதைக் காட்டுவதற்காக 2011இல் தொடங்கிய வேலை. ஒரு நகரத்தின் எல்லாக் கட்டடங்களையும் ஒரேயடியாக போனுக்கு அனுப்பினால் போன் நின்றுவிடும். அதனால் நகரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, நீங்கள் பார்க்கும் துண்டை மட்டும், கிட்டே போகப் போக நுணுக்கமாக அனுப்பும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அதுவே 2019இல் பொதுத்தரமாக ஏற்கப்பட்டது. ஜப்பான் அரசு 2020இல் தொடங்கிய பிளாட்டோ திட்டத்திலும், பின்லாந்தின் ஹெல்சின்கியிலும் நகரத்தின் முப்பரிமாண மாதிரியைத் திறந்த தரவாகவே வெளியிட்டிருக்கிறார்கள். ஹெல்சின்கியில் எந்தக் கட்டடம் எவ்வளவு வெப்ப ஆற்றல் செலவழிக்கிறது, கூரையில் எவ்வளவு வெயில் விழுகிறது என்பதைக்கூட அந்த வரைபடத்தில் பார்க்கலாம்.

ஏன் திறந்த மூலம்?

இங்கே ஒரு பழைய புண்ணைக் கிளற வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கம் ஒரு நிறுவனத்திடம் பணம் கொடுத்துத் தண்ணீர் கண்காணிப்புக் கருவி வாங்கியது நினைவிருக்கும். அழகான ஆப். பச்சை, மஞ்சள், சிவப்பு. மூன்று ஆண்டுகள் ஓடியது. ஒரு நாள் அந்த நிறுவனம் அந்தத் தொழிலை நிறுத்திக்கொண்டது. சர்வர் போனது, ஆப் திறக்கவில்லை. கருவிகள் மட்டும் இன்றும் சம்ப் மூடிக்குக் கீழே தொங்குகின்றன. போனதில் எனக்கு வருத்தம் ஆப் பற்றி இல்லை. மூன்று கோடைகாலத்தின் தண்ணீர்க் கணக்கு போய்விட்டது. எந்த மாதம் போர்வெல் வற்றியது, எத்தனை மணிக்குச் செலவு கூடியது என்று எதுவும் நம்மிடம் இல்லை. நம் சம்ப், நம் தண்ணீர், நம் பணம். கணக்குப் புத்தகம் மட்டும் வேறொருவர் அலமாரியில் இருந்தது.

நான் அந்த நிறுவனத்தைக் குற்றம் சொல்லவில்லை. தொழில் என்றால் நடக்கும், நிற்கும். ஒப்பந்தம் போடும்போது "எங்கள் தரவை எங்களுக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பீர்கள்" என்று நாம்தான் கேட்கவில்லை. அந்தக் குழுவில் நானும் இருந்தேன்.

திறந்த மூலத்தில் இந்த ஆபத்து குறைவு. ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன். இணைய வரைபடங்களுக்குப் பலரும் பயன்படுத்திவந்த ஒரு மென்பொருளை, அதை உருவாக்கிய மேப்பாக்ஸ் நிறுவனம் 2020 டிசம்பரில் திறந்த உரிமத்திலிருந்து மாற்றிக்கொண்டது. அது அவர்கள் உரிமை. ஆனால் அதற்கு முந்தைய பதிப்பு ஏற்கெனவே திறந்த மூலமாக வெளிவந்துவிட்டது. உலகெங்கும் இருந்த நிரலாளர்கள் அந்தப் பதிப்பை எடுத்து, மேப்லிப்ரே என்ற பெயரில் தொடர்ந்து வளர்த்தார்கள். நாம் இப்போது பயன்படுத்துவது அதைத்தான். ஒருவர் கடையைப் பூட்டினாலும் சமையல் குறிப்பு ஊரிடம் இருக்கிறது.

திறந்த மூலம் என்றால் இலவசம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். உரிமத்துக்குத்தான் காசு இல்லை. சென்சாரைத் துடைக்க, பேட்டரி மாற்ற, நிரலைப் புதுப்பிக்க ஆள் வேண்டும். கோயில் கட்டுவதைவிடத் தினமும் விளக்கேற்றுவதுதான் கஷ்டம் என்பார்கள். அதுதான் இங்கேயும்.

மனிதர்களும் சென்சார்கள்தான்

எல்லாவற்றையும் கருவியால் அளக்க முடியாது. இந்தோனேசியாவின் ஜகார்த்தா இதை நன்றாகப் புரிந்துகொண்டது. 2014 டிசம்பரில் பெட்டாஜகார்த்தா என்ற திட்டம் அங்கே தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஜகார்த்தா பேரிடர் மேலாண்மை அமைப்பும் சேர்ந்து செய்தது. யாராவது ட்விட்டரில் "பஞ்சிர்", அதாவது வெள்ளம், என்று எழுதினால் ஒரு தானியங்கி உடனே பதில் அனுப்பும்: "உங்கள் தெருவில் வெள்ளமா? இந்த வரைபடத்துக்கு உறுதி செய்யுங்கள்." மக்கள் உறுதி செய்ததும் அது நகர வரைபடத்தில் வந்துவிடும். பிறகு இடம், தண்ணீரின் ஆழம், படம் எல்லாவற்றையும் போனிலேயே குறித்து அனுப்பும் வசதியும் வந்தது. இதன் மென்பொருளும் திறந்த மூலம்தான்.

நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் மேல் தன்னார்வலர்கள் ஒரு பக்கத்தை அவசரமாக உருவாக்கினார்கள். தண்ணீர் நிற்கும் தெருவின் மேல் விரலை வைத்தால் அது சிவப்பாகும். சில நாட்களிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்களை மக்கள் குறித்தார்கள். பிறகு 2017இல், ஜகார்த்தாவில் பிறந்த அதே முறையை வளர்த்தெடுத்த எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வுக்கூடம், ரிஸ்க்மேப் என்ற பெயரில் சென்னையிலும் அதை முன்னோட்டமாக நடத்தியது.

இவற்றிலிருந்து நமக்கு என்ன பாடம்? தெருவில் சிவப்புக் கோடு போடுவது எளிது, தண்ணீர் வடிந்த பிறகு அதை அழிப்பதுதான் கஷ்டம். அவசரத்தில் "தண்ணீர் வந்துவிட்டது" என்று சொல்ல எல்லோரும் ஓடி வருவார்கள். "வடிந்துவிட்டது" என்று சொல்ல யாருக்கும் நினைவு இருக்காது. அதனால் மனிதர்கள் போடும் குறிப்புக்கு ஆயுள் வைக்க வேண்டும். நம் தளத்தில் அதை இரண்டு மணி நேரம் என்று வைத்திருக்கிறோம். அதற்குள் யாரும் மறுபடி உறுதி செய்யாவிட்டால் குறிப்பு மங்கிவிடும்.

நாம் இதுவரை செய்தது

கடந்த ஆறு மாதமாக நான்கு பேர் சனிக்கிழமை மாலைகளில் செய்த வேலை இது. சின்ன முயற்சிதான். சம்ப்பில் ஒரு மட்டச் சென்சார், ஏ, சி பிளாக் மொட்டை மாடித் தொட்டிகளில் ஒவ்வொன்று, பேஸ்மென்ட் ரேம்ப் அடியில் ஒன்று. செக்யூரிட்டி அறையில் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்று. ஒரு கருவியும் சென்சாரும் சேர்ந்து, ஒரு டேங்கர் லாரித் தண்ணீரின் விலையைவிடக் குறைவு.

மூன்று இடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, சம்ப் நிரம்பி வழியும் நேரத்தில் திரையில் ஏதேதோ எண் வந்தது. ஒலி அலையை அனுப்பி எதிரொலியை வைத்துத் தூரம் அளக்கும் சென்சார் அது. தனக்கு முன்னால் ஏறக்குறைய 20 செ.மீ. வரை அதற்குக் கண் தெரியாது. நாங்கள் அதை மூடியை ஒட்டி மாட்டியிருந்தோம். தண்ணீர் மேலே வர வர அது குருடாகிவிட்டது. பிறகு மூடிக்கு மேலே ஒரு குழாய்த் துண்டை நிறுத்தி, அதன் உச்சியில் மாட்டினோம்.

இரண்டாவது, மின்வெட்டு. மழை நாளில் கரண்ட் போகும், வைஃபை போகும். எந்த நேரத்துக்காகச் செய்தோமோ அந்த நேரத்தில் தளம் கண்ணை மூடிக்கொண்டால் என்ன பயன்? அதனால் கருவிக்கும் செக்யூரிட்டி அறைக்கும் இடையே வயர் இழுத்து, சின்ன பேட்டரியும் வைத்திருக்கிறோம். இணையம் போனாலும் செக்யூரிட்டி அறைத் திரையில் எண் தெரியும்.

மூன்றாவதுதான் முக்கியம். ஆகஸ்டில் ஒரு வாரம் முழுக்க பேஸ்மென்ட் "பாதுகாப்பு" என்று பச்சையாகக் காட்டியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. எலக்ட்ரீஷியன் அண்ணன் யதார்த்தமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எலி வயரைக் கடித்து அந்தக் கருவி ஐந்து நாளாகச் செத்துக் கிடக்கிறது. கடைசியாக வந்த எண்ணையே திரை திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது. அதே 1.10 மணிச் செய்தி! அதை எதிர்த்துக் கிளம்பிய நாங்களே அதைச் செய்திருந்தோம்.

இதற்கு எம்க்யூடிடியில் ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பெயரே உயில். கருவி இணையும்போதே, "நான் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் இந்தச் செய்தியை எல்லோருக்கும் அறிவியுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடும். தொடர்பு அறுந்ததும் நடுவில் இருக்கும் சர்வர் அந்த உயிலைப் படித்துவிடும். பாலைவனக் குழாய் ஓரத்தில் ஒரு கருவி செத்தால் யாருக்குத் தெரியும் என்ற கவலையில் இருந்தவர்கள் யோசித்த வசதி. இப்போது நம் தளத்தில் எந்த எண்ணுக்கும் பக்கத்தில் "எத்தனை நிமிடம் முன்" என்று பெரிதாக எழுதியிருக்கும். பத்து நிமிடம் தாண்டினால் பச்சை நிறம் போய்ச் சாம்பல் நிறம் வரும். சாம்பல் என்றால் "எனக்குத் தெரியாது, நேரில் பார்" என்று அர்த்தம். "தெரியாது" என்று சொல்லத் தெரியாத இரட்டையை நம்பக் கூடாது.

முப்பரிமாணம் நமக்கு வேண்டுமா என்று கேட்டார்கள். ஒரே ஒரு விஷயத்துக்கு வேண்டும்: உயரம். மேஸ்திரிகள் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பார்களே, அதே முறையில் தெரு, ரேம்ப் மேடு, பேஸ்மென்ட் தரை, மின் பெட்டியின் அடி விளிம்பு ஆகியவற்றை அளந்தோம். ரேம்ப் மேடு தெருவைவிட 22 செ.மீ.தான் உயரம். தெருவில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நிற்கும்போதே உள்ளே இறங்கத் தொடங்கிவிடும். மின் பெட்டியின் அடி பேஸ்மென்ட் தரையிலிருந்து 90 செ.மீ. இந்த இரண்டு எண்களைத் தெரிந்துகொள்ள எந்த சென்சாரும் தேவைப்படவில்லை, ஒரு டியூபும் ஒரு சனிக்கிழமையும் போதுமாக இருந்தது. இத்தனை வருடம் நாம் அளக்கவில்லை, அவ்வளவுதான்.

எதை அளக்க மாட்டோம்?

சில பேர் என்னிடம் தனியாகக் கேட்டார்கள்: "யார் வீட்டில் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்றும் தெரியுமா?" தெரியாது. தெரியவும் வேண்டாம். ஒரு வீட்டின் தண்ணீர்க் கணக்கைப் பார்த்தால், அவர்கள் எப்போது எழுகிறார்கள், எப்போது ஊரில் இல்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். அது நம் வேலை இல்லை. பொதுச் சொத்தை மட்டும் அளப்போம். கேமரா, வண்டி எண், ஆள் நடமாட்டம் எதுவும் இந்தத் தளத்தில் வராது. நிரல் திறந்திருப்பதால், நான் சொல்வதை நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. நம் குடியிருப்பில் நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் நிறைய. எடுத்துப் படித்துப் பார்க்கட்டும்.

சங்கத்திடம் என் வேண்டுகோள்

மூன்று கேட்கிறேன். ஒன்று, மின் பெட்டியை மேலே ஏற்றுவதற்கு அடுத்த மழைக்காலத்துக்கு முன் நிதி ஒதுக்குங்கள். தளம் எச்சரிக்கைதான் கொடுக்கும், தண்ணீரை நிறுத்தாது. இரண்டு, பிளாக்குக்கு ஒருவர் மாதம் ஒரு முறை சென்சாரைத் துடைத்து, டேப் வைத்து அளந்து, திரையில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். பதினைந்து நிமிட வேலை. மூன்று, இனி எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டாலும், நம் தரவை நாம் எப்போது வேண்டுமானாலும் பொது வடிவத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒரு வரி அதில் இருக்க வேண்டும்.

பக்கத்துத் தெருச் சங்கங்களுக்கும் இதே நிரலைக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். தண்ணீருக்கு நம் காம்பவுண்ட் சுவர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. மேட்டுப் பகுதியில் இருப்பவர்கள் தெருவில் மட்டம் உயர்வதைச் சொன்னால், நமக்கு வண்டியை ஏற்றக் கூடுதல் நேரம் கிடைக்கும். நகரத்தின் இரட்டையைப் பெரிய அலுவலகத்தில் மட்டும்தான் கட்ட வேண்டும் என்றில்லை, சம்ப் சம்ப்பாகவும் கட்டலாம்.

மின் பெட்டி விஷயத்தை மட்டும் இன்றே தீர்மானமாகப் போட்டுவிடுங்கள்.

கேள்வி நேரத்திலிருந்து

ஏ பிளாக் உறுப்பினர்: இது வந்தால் டேங்கர் செலவு குறையுமா?

பதில்: தளம் தண்ணீர் தராது மேடம். ஆனால் இரவு 2 மணிக்கு யாரும் குழாய் திறக்காத நேரத்தில் மட்டம் சீராக இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஏ பிளாக் தொட்டியில் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து மிதவை வால்வை மாற்றியிருக்கிறோம்.

பி பிளாக் உறுப்பினர்: எனக்கு ஸ்மார்ட்போனே கிடையாது. நான் என்ன செய்வது?

பதில்: மிக நல்ல கேள்வி சார். படிக்கட்டு இறங்கும் இடத்தில் ஒரு சிவப்பு விளக்கு வைக்கிறோம். பேஸ்மென்ட்டில் தண்ணீர் வந்தாலும் எரியும், கருவியிடமிருந்து செய்தி வராவிட்டாலும் எரியும். விளக்கு எரிந்தால் இறங்காதீர்கள். அவ்வளவுதான்.

மூன்றாவது வரிசையிலிருந்து: அந்த விளக்குக்கு ஆகும் செலவை நான் தருகிறேன்.

(கைதட்டல். மின் பெட்டியை உயர்த்தும் தீர்மானம் அன்றே ஒருமனதாக நிறைவேறியது. மாதாந்திரச் சரிபார்ப்புக்கு ஏ, சி பிளாக்கிலிருந்து பெயர் கொடுத்துவிட்டார்கள். பி பிளாக்கிலிருந்து இன்னும் ஒருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் தெரிவிக்கவும்.)